பத்துப் பவுண்டு வீடு: ஆல்ஃபிரிஸ்டன் குருமனை கற்பிக்கும் பாடங்கள்

1896ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் ஒரு பழைய வீடு பத்துப் பவுண்டு விலைக்குக் கைமாறியது. கூரை சிதைந்து, சுவர்கள் உதிர்ந்து, இடித்துவிடலாம் என்று உரிமையாளரே கருதிய வீடு அது. வாங்கியது ஓராண்டுக்கு முன்புதான் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய அமைப்பு. அந்த அமைப்பின் பெயர் தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்). இன்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் அரண்மனை அல்ல, கோட்டை அல்ல. மரச்சட்டமும் மண்ணும் வைக்கோலும் கொண்டு கட்டப்பட்ட ஒரு கிராமத்து வீடு.

அந்த வீட்டின் பெயர் ஆல்ஃபிரிஸ்டன் குருமனை. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் இடைக்காலம், நவீன யுகத்தின் தொடக்கம் ஆகிய பாடங்களை நடத்தும்போது நிலமானிய முறை, மடங்கள், சமயச் சீர்திருத்தம் என்ற சொற்களை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மனிதர் எங்கே உறங்கினார், எங்கே அடுப்பு மூட்டினார், மழைக்கு எப்படி ஒதுங்கினார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இந்த ஒரு வீட்டை முழுமையாகப் பார்த்தால் அந்த அமைதி கலையும். வரலாறு, கணிதம், அறிவியல், மொழி நான்கும் அதன் சுவர்களுக்குள் இருக்கின்றன. முதலில் வீட்டைப் பார்ப்போம். பிறகு வகுப்பறைக்கு வருவோம்.

எங்கே, யாருக்காக?

இங்கிலாந்தின் தென்கிழக்கில் கிழக்கு சசெக்ஸ் மாவட்டம் உள்ளது. அங்கே வெண்சுண்ணப் பாறைக் குன்றுகளின் ஊடாகக் கக்மியர் என்ற சிற்றாறு ஓடிக் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் ஆல்ஃபிரிஸ்டன். ஊரின் புல்வெளியை ஒட்டிச் சிலுவை வடிவில் அமைந்த புனித அந்திரேயா ஆலயம் நிற்கிறது. ஆலயமும் குருமனையும் அண்டை வீட்டுக்காரர்கள். இரண்டுமே 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அந்த நூற்றாண்டின் நடுவில், 1348-49இல், கறுப்புச் சாவு என்னும் கொள்ளை நோய் இங்கிலாந்தைத் தாக்கியது. மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணிப்பு. உயிர் பிழைத்தவர்களின் உழைப்புக்கு மதிப்புக் கூடியது. கூலி உயர்ந்தது. ஆளில்லாமல் கிடந்த நிலங்களைச் சேர்த்துக்கொண்டு சில குடியானவர்கள் வசதியான உழவர்களாக எழுந்தனர். அவர்கள் தமக்கென உறுதியான வீடுகளைக் கட்டிக்கொண்டனர். தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் உள்ள வீல்ட் என்னும் காட்டு நிலத்தின் பெயரால் இவ்வகை வீடுகளை ‘வீல்டன் கூடவீடு’ என்கிறார்கள். ஆல்ஃபிரிஸ்டன் குருமனை அவ்வகை வீடுகளில் ஒன்று. வசதியான உழவர் கட்டிக்கொள்ளும் அதே வடிவில்தான் இந்தக் குருமனையும் அமைந்துள்ளது. அண்மையிலிருந்த மிச்செல்ஹாம் மடத்தின் பொறுப்பில் இவ்வூர் ஆலயம் இருந்த காலம் அது. அன்றைய திருச்சபை விதிப்படி குருக்கள் மணம் செய்துகொள்வதில்லை. ஆகவே ஒரு குருவும் பணிவிடை செய்வோரும் வாழப் போதுமான அளவே வீடு இருந்தது.

முகப்பைப் படித்தல்

இவ்வகை வீட்டின் முகப்புப் படத்தை மாணவர்களிடம் காட்டி, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டின் நடுப்பகுதி உள்வாங்கியும், இரு முனைகளிலும் மாடி முன்னால் துருத்திக்கொண்டும் இருப்பதைக் கவனிப்பார்கள். ஆனால் கூரை மட்டும் ஒரே நேர்கோட்டில் மூன்று பகுதிகளையும் மூடியிருக்கும். நடுப்பகுதியில் கூரைக்கும் சுவருக்கும் இடையே வளைந்த மரக்கட்டைகள் இறவாரத்தைத் தாங்கி நிற்கும்.

ஏன் இப்படி? விடை வீட்டின் உள்ளே இருக்கிறது. நடுவில் இருப்பது கூடம். அதற்கு மாடி கிடையாது. தரையிலிருந்து கூரை முகடு வரை ஒரே வெளி. இரு முனைகளிலும் கீழ் அறையும் மேல் அறையுமாக இரண்டு தளங்கள் உண்டு. மேல்தளத்தின் தரைக்கட்டைகளைச் சுவரைத் தாண்டி நீட்டி, அந்த நீட்டத்தின் மேல் மாடிச் சுவரை எழுப்புவார்கள். மாடி அறைக்கு இடம் கூடுகிறது. நீண்ட கட்டையின் முனையில் சுவரின் எடை அமர்வதால் அறையின் நடுவே தரை தொய்வதும் குறைகிறது. மாடி இருக்கும் இடத்தில் மட்டுமே இந்தத் துருத்தல் இருக்க முடியும். மாடியில்லாத கூடம் அதனால்தான் பின்வாங்கி நிற்கிறது. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து உள்ளமைப்பை ஊகிக்கும் இந்தப் பயிற்சி, சான்றிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிவிடும்.

கூடமும் இரு முனைகளும்

கூடம்தான் வீட்டின் உயிர். சமையலின் சூடு, உணவு, உரையாடல், விருந்தினர் வரவேற்பு எல்லாம் அங்கேதான். கூடத்தின் தரை நடுவே திறந்த அடுப்பு எரியும். புகைபோக்கி இல்லை. புகை மேலெழுந்து கூரையின் உட்பகுதியில் திரண்டு, கூரை இடுக்குகள் வழியே மெல்ல வெளியேறும். இன்றும் இவ்வகை வீடுகளின் கைமரங்களில் படிந்திருக்கும் கரியை ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள். கைமரம் கறுத்திருந்தால் அந்த வீடு ஒரு காலத்தில் திறந்த அடுப்புள்ள கூடவீடு என்பது உறுதி. மாணவர்களுக்கு இது வியப்பான செய்தி: புகைக்கரியும் ஒரு வரலாற்று ஆவணம்.

பொதுவாகக் கூடத்தின் ஒரு முனை மேல்முனை, மற்றது கீழ்முனை. மேல்முனையில் வீட்டுத் தலைவரின் மேசை. அதற்குப் பின்னால் அவருடைய தனியறை, மேலே படுக்கையறை. கீழ்முனையில் முன்வாசலும் பின்வாசலும் எதிரெதிரே இருக்கும். அதைக் கடந்தால் இரண்டு சிறு அறைகள். ஒன்று ‘பேன்ட்ரி’, மற்றது ‘பட்டரி’. பேன்ட்ரி என்பது ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பட்டரிக்கும் வெண்ணெய்க்கும் தொடர்பில்லை. பானங்கள் வைக்கும் மரப்பீப்பாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது. ஆங்கில ஆசிரியர்கள் இந்த இரு சொற்களையும் வகுப்பில் பயன்படுத்தலாம்.

‘ஹால்’ என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. ஒரு காலத்தில் அது வீட்டின் தலையாய இடத்தைக் குறித்தது. புகைபோக்கி வந்து தனி அறைகள் பெருகியபோது ஆங்கிலேயர் வீட்டில் ஹால் சுருங்கிச் சுருங்கி, வாசலை ஒட்டி மேலங்கி மாட்டும் சிறு நடையாகிவிட்டது. நம் வீடுகளில் ஹால் என்றால் இன்றும் எல்லோரும் கூடும் பெரிய அறைதான். அந்தச் சொல்லின் பழைய பொருளைத் தமிழர் பேச்சு காப்பாற்றி வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

எலும்புக்கூடு போன்ற சட்டகம்

இந்த வீட்டில் சுவர் கூரையைத் தாங்கவில்லை. ஓக் மரச்சட்டகம்தான் கூரையையும் மாடியையும் தாங்குகிறது. சுவர்கள் சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை நிரப்பும் மறைப்புகள் மட்டுமே. மனித உடலில் எலும்புக்கூடும் தோலும் போல என்று தொடக்க வகுப்பில் விளக்கலாம்.

தச்சர்கள் ஓக் மரத்தை ஈரம் காயும் முன்பே பயன்படுத்தினார்கள். காய்ந்த ஓக் இரும்பு போல் கடினமாகிவிடும். உளியும் வாளும் எளிதில் இறங்காது. மேலும் பருமனான விட்டங்கள் முழுவதும் காய்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பச்சை மரத்தில் வேலை எளிது. வீடு எழுந்த பிறகு மரம் காய்ந்து சுருங்கும்போது கட்டைகள் சற்று வளையும், முறுக்கும். பழைய ஆங்கில வீடுகளில் நேர்கோடு அரிதாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இணைப்புகளில் இரும்பாணி கிடையாது. ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, மற்றொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் செருகுவார்கள். பிறகு இரண்டையும் ஊடுருவி மரமுளை அடிப்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. கழுந்தில் உள்ள முளைத்துளையை வெளிக்கட்டையின் துளைக்கு நேராக இல்லாமல் மயிரிழை அளவு தள்ளித் துளைப்பார்கள். கூர்முனை கொண்ட முளையை அடித்து இறக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இணைப்பை இறுக்கிவிடும்.

சட்டகம் முழுவதையும் முதலில் தச்சுக்களத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வோர் இணைப்பிலும் உளியால் ரோமன் எண்களைப் போன்ற குறிகளை வெட்டுவார்கள். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, வீட்டு மனைக்குக் கொண்டுவந்து குறி பார்த்து மீண்டும் பூட்டி எழுப்புவார்கள். நேர்கோடுகளாலான ரோமன் எண்களை உளியால் வெட்டுவது எளிது என்பதால் அவற்றைத் தேர்ந்தார்கள். ஆறாம் வகுப்பில் ரோமன் எண்களைக் கற்பிக்கும்போது “இது எங்கே பயன்படும்?” என்று கேட்கும் மாணவனுக்குக் கடிகாரத்தைத் தவிர இன்னொரு விடையும் கிடைத்துவிட்டது.

தூணும் விட்டமும் சேரும் மூலைகளில் சாய்வுக்கட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். நாற்கரம் தள்ளினால் சாயும். முக்கோணம் பக்க அளவு மாறாதவரை வடிவம் மாறாது. காற்றில் வீடு சாயாமல் நிற்பது இந்தச் சாய்வுக்கட்டைகள் உண்டாக்கும் முக்கோணங்களால்தான். எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் அடிக்கட்டையைத் தாழ்வான கல் மேடையின் மேல் வைப்பார்கள். மண்ணின் ஈரம் மரத்தில் ஏறினால் அழுகும் என்பது அவர்கள் அறிந்த அறிவியல்.

சுவர், சாளரம், தரை, கூரை

சட்டங்களுக்கு இடையே ஓக் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு, வளையும் ஹேசல் மிலாறுகளைக் குறுக்கே பின்னுவார்கள். கூடை முடைவது போன்ற வேலை. அந்தத் தட்டியின் இருபுறமும் களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் கலந்து குழைத்த கலவையை அப்புவார்கள். களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். வைக்கோல் அந்த வெடிப்பு பரவாமல் பிடித்துக்கொள்ளும். மேலே சுண்ணாம்பு பூசப்படும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் ஆவியாக வெளியேற விடும். பிற்காலத்தில் இத்தகைய சுவர்களைச் சிமெண்ட்டால் ‘பலப்படுத்திய’ இடங்களில் ஈரம் வெளியேற வழியின்றி மரம் உள்ளுக்குள்ளேயே அழுகியது. பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்போர் அனைவருக்கும் இது இன்று பாலபாடம்.

சாளரங்களில் கண்ணாடி இல்லை. அன்று கண்ணாடி ஆலயங்களுக்கும் பெருஞ்செல்வர்களுக்கும் உரியது. செங்குத்து மரக்கம்பிகளும், குளிரில் மூடுவதற்கு மரக்கதவுகளுமே இருந்தன. ‘விண்டோ’ என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியில் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் பழந்தமிழில் சாளரத்துக்குக் காலதர் என்ற பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கண்ணாடி வருவதற்கு முந்தைய காலத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மக்கள், சாளரத்தைக் காற்றைக் கொண்டே பெயரிட்டிருக்கிறார்கள். மொழியும் கட்டடக்கலையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

தரை, அப்பகுதியில் கிடைக்கும் வெண்சுண்ணப் பாறையை உடைத்துக் கொட்டி, இடித்துக் கெட்டிப்படுத்திய தரை. அதன் மேல் புளித்த பாலைப் பூசி மெழுகினார்கள். பாலில் உள்ள கேசின் என்னும் புரதம் சுண்ணத்துடன் சேர்ந்து இறுகி, தூசி எழாத மேற்பரப்பைத் தருகிறது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் இதைக் கேட்டதும் தம் பாட்டி வீட்டில் சாணம் மெழுகிய தரையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேச விடுங்கள்.

கூரை வேய்ந்த கூரை. சரிவு மிகச் செங்குத்தானது. வேய்ந்த கூரைகளுக்குப் பொதுவாக 50 பாகை அளவுச் சரிவு வைப்பார்கள். சரிவு கூடினால் மழைநீர் மேல்தாள்களின் மீதே வேகமாக வழிந்து இறங்கிவிடும். சரிவு குறைந்தால் நீர் நின்று உள்ளே இறங்கும். கூரைத்தாள்களுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளிர்ச்சி. அகன்ற இறவாரம் மண் சுவரில் சாரல் படாமல் காக்கும்.

மொத்த வீட்டையும் நினைத்துப் பாருங்கள். மரம் காட்டிலிருந்து, மண் அருகிலிருந்து, சுண்ணம் குன்றிலிருந்து, வைக்கோல் வயலிலிருந்து, பால் தொழுவத்திலிருந்து. வண்டி மாடு ஒரு நாளில் போய்வரும் தொலைவுக்குள் கிடைத்த பொருள்களே அந்நாளைய கிராமத்து வீட்டின் கட்டுமானப் பொருள்கள்.

வீடு சிறுத்துப்போன கதை

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று சமயத்தில், மற்றொன்று செங்கல்லில்.

எட்டாம் ஹென்றி மன்னர் 1536 தொடங்கி மடங்களைக் கலைத்தார். மிச்செல்ஹாம் மடமும் அதில் மறைந்தது. சமயச் சீர்திருத்தத்துக்குப் பின் இங்கிலாந்துத் திருச்சபையின் குருக்கள் மணம் புரியலாம் என்றாயிற்று. மனைவி, பிள்ளைகள், பணியாளர் என்று குடும்பம் பெருகிய குருமார்களுக்கு, திருமணமாகாத குருவுக்கு அமைந்த வீடு போதவில்லை. அதே காலத்தில் செங்கல் பரவலாகி, வீடுகளில் புகைபோக்கி எழுந்தது. புகை அதன் வழி போய்விட்டதால் கூடத்தின் குறுக்கே மாடித்தளம் போட முடிந்தது. ஊரூராகப் பழைய கூடவீடுகள் அறைகளாகப் பிரிந்தன. பாடநூலில் ‘சமயச் சீர்திருத்தத்தின் விளைவுகள்’ என்று எண்ணிட்டுப் படிப்பதன் ஒரு விளைவு இப்படி வீட்டின் அளவிலும் தெரிகிறது.

ஆல்ஃபிரிஸ்டன் குருமனையிலும் காலந்தோறும் மாற்றங்கள் நடந்தன. குருக்கள் வேறிடம் போக, பெயர் மட்டும் குருமனையாக நிற்க, எளிய குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது கிட்டத்தட்ட இடிபாடு.

பத்துப் பவுண்டின் மதிப்பு

அந்நாளில் ஆல்ஃபிரிஸ்டன் ஆலயத்தின் குருவாக இருந்தவர் எஃப். டபிள்யூ. பெய்னன். வீட்டை இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் உதவியையும், புதிதாகத் தோன்றியிருந்த தேசிய அறக்கட்டளையின் உதவியையும் நாடினார்.

தேசிய அறக்கட்டளையைத் தோற்றுவித்தவர் மூவர். லண்டனின் ஏழைகளுக்கு நல்ல வீட்டு வசதி கிடைக்க உழைத்த ஆக்டேவியா ஹில், பொது நிலங்களைக் காக்க நீதிமன்றம் ஏறிய வழக்கறிஞர் ராபர்ட் ஹன்டர், ஏரி மாவட்டத்தின் இயற்கை அழகுக்காகக் குரல் கொடுத்த குரு ஹார்ட்விக் ரான்ஸ்லி. 1895 ஜனவரி 12 அன்று அமைப்பு பதிவானது. அதே ஆண்டு வேல்ஸ் நாட்டின் பார்மவுத் ஊரில் ஃபேனி டால்பட் என்ற பெண்மணி நாலரை ஏக்கர் மலைச்சரிவை நன்கொடையாகக் கொடுத்தார். அது அறக்கட்டளைக்கு வந்த முதல் நிலம். முதல் கட்டடம் ஆல்ஃபிரிஸ்டன் குருமனை.

விலை பத்துப் பவுண்டு. பழுது பார்க்க ஆன செலவு அதைப்போல் பன்மடங்கு. அதற்கு மக்களிடம் நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. வேலையைப் பொறுப்பேற்று நடத்திய கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பவல். இங்கேதான் ஆசிரியர்களாகிய நாம் மாணவர்களோடு சேர்ந்து சிந்திக்க வேண்டிய கேள்வி எழுகிறது.

புதிதாக்குவதா, பழுது பார்ப்பதா?

அக்கால இங்கிலாந்தில் பழைய ஆலயங்களை ‘மீட்டமைத்தல்’ என்ற பெயரில் பெரிய அலை வீசியது. பிற்காலச் சேர்க்கைகளை இடித்து, பழைய பூச்சுகளைச் சுரண்டி, 14ஆம் நூற்றாண்டில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனை செய்து புத்தம் புதிதாகக் கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் உண்மையான பழைய கற்களும் தச்சர் கைத்தடங்களும் குப்பைக்குப் போயின.

இதை எதிர்த்து வில்லியம் மோரிஸ், ஃபிலிப் வெப் முதலானோர் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுரண்டலை எதிர்த்ததால் அதற்குச் ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரும் உண்டு. அவர்கள் கொள்கை எளியது. ஒழுகும் இடத்தை உடனே அடை. தள்ளாடும் சுவருக்கு முட்டுக் கொடு. அழுகிய பகுதியை மட்டும் மாற்று. புதிதாகச் சேர்த்ததைப் பழையது போல் வேடமிடாதே, பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியட்டும். அன்றாடப் பராமரிப்பே சிறந்த பாதுகாப்பு.

ஆல்ஃபிரிஸ்டனில் பின்பற்றப்பட்டது இந்தப் பாதைதான். இன்று அந்தக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கூரை முகடு வரை பார்வை போகும். கூடத்தின் விட்ட ஓரத்தில் ஓக் இலை வடிவச் செதுக்கல் ஒன்று இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் ஓக் இலைச் சின்னத்துக்கு அதுவே தூண்டுகோல் என்று சொல்வாரும் உண்டு.

என் வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அந்த வீட்டில் ராஜா யாரும் இல்லையே சார், எதற்குக் காப்பாற்றினார்கள்?” அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. வகுப்பிடமே விட்டேன். “ராஜா வீடு நிறைய இருக்கும், சாதாரண வீடு மிச்சமிருக்காது. அதனால்தான்” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். கல் அரண்மனை தானாகவே சில நூற்றாண்டு நிற்கும். மண் வீடு யாராவது ஒருவர் அக்கறைப்பட்டால்தான் நிற்கும். வரலாற்றில் பெரும்பான்மை மக்கள் வாழ்ந்தது இரண்டாம் வகை வீட்டில்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: அசையும் சதுரம் (6 முதல் 8ஆம் வகுப்பு, கணிதம்). அட்டையை ஒரே அளவுள்ள நான்கு பட்டைகளாக வெட்டி, மூலைகளில் குண்டூசி அல்லது நூலால் இணைத்துச் சதுரம் செய்யச் சொல்லுங்கள். தள்ளினால் சாய்சதுரமாகும். மூலைவிட்டமாக ஒரு பட்டை சேர்த்தால் அசையாது. மூலையில் சிறிய சாய்வுப் பட்டை போட்டாலும் போதுமா என்று சோதிக்கட்டும். பள்ளிக் கட்டடம், மின்கம்பம், மிதிவண்டி ஆகியவற்றில் முக்கோணங்களைத் தேடிப் பட்டியலிடட்டும்.

செயல்பாடு 2: வைக்கோலின் வேலை (4 முதல் 7ஆம் வகுப்பு, அறிவியல்). ஒரே அளவு களிமண்ணில் இரண்டு பலகைகள் செய்யுங்கள். ஒன்றில் மட்டும் நறுக்கிய வைக்கோல் கலக்க வேண்டும். நான்கு நாள் நிழலில் காய விடுங்கள். எதில் வெடிப்பு அதிகம்? இரண்டையும் மெல்ல வளைத்து உடைத்தால் எது தாங்குகிறது? மாறும் காரணி ஒன்று, மாறாத காரணிகள் எவை என்று மாணவர்களே எழுத வேண்டும். தென்னை ஈர்க்குகளைப் பின்னித் தட்டி செய்து அதன் மேல் மண் பூசிப் பார்க்கும் வாய்ப்பும் கொடுக்கலாம்.

செயல்பாடு 3: கூரைச் சரிவு (5 முதல் 8ஆம் வகுப்பு). ஒரு பலகையில் வைக்கோலை அடுக்கிக் கட்டுங்கள். பாகைமானியால் அளந்து முதலில் 20 பாகை, பிறகு 50 பாகை சாய்வில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீரைத் தெளியுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய உலர்ந்த வைக்கோல் வேண்டும். பலகையின் மேல் முன்கூட்டியே தாள் விரித்து வைத்தால் எந்தச் சரிவில் நீர் உள்ளிறங்கியது என்பதைத் தாளின் ஈரம் காட்டிவிடும்.

செயல்பாடு 4: ஊர் மன்றம் (9, 10ஆம் வகுப்பு, சமூக அறிவியல்). வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். வீட்டை இடித்து இடத்தைப் பயன்படுத்த விரும்புவோர், புத்தம் புதிதாகக் கட்ட விரும்புவோர், உள்ளபடி பழுது பார்க்க விரும்புவோர், அங்கே குடியிருக்கும் ஏழைக் குடும்பத்தினர். ஒவ்வொரு குழுவும் மூன்று நிமிடம் வாதிடட்டும். நான்காம் குழுவை மறக்க வேண்டாம். பாதுகாக்கப்படும் கட்டடத்தில் வாழ்பவர்க்கு என்ன ஆகும் என்ற கேள்வி எழாவிட்டால் விவாதம் முழுமை பெறாது.

செயல்பாடு 5: நம் தெருவின் மூத்த வீடு (எல்லா வகுப்பும்). மாணவர்கள் தம் தெருவில் உள்ள மிகப் பழைய வீட்டின் முகப்பை வரைந்து, உரிமையாளர் அனுமதியுடன் ஐந்து கேள்விகள் கேட்டு வரட்டும். எப்போது கட்டியது? என்ன பொருள்கள்? எங்கிருந்து வந்தன? என்ன மாற்றினார்கள்? ஏன் மாற்றினார்கள்? தொடக்க வகுப்பினர் படமும் இரண்டு வரியும் தந்தால் போதும். இவற்றைத் தொகுத்துத் தைத்தால் பள்ளி நூலகத்தில் ஒரு புதிய நூல் சேரும்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. வீல்டன் கூடவீட்டின் நடுப்பகுதி மட்டும் ஏன் உள்வாங்கி இருக்கிறது?
2. கைமரத்தில் உள்ள கரியிலிருந்து என்ன அறியலாம்?
3. கொள்ளை நோய்க்கும் உழவர் வீடுகளின் வளர்ச்சிக்கும் என்ன தொடர்பு?
4. மண் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் ஏன் மரச்சட்டம் கெடுகிறது?
5. மீட்டமைத்தல், பழுது பார்த்தல் இவ்விரண்டில் நீ எதை ஏற்கிறாய்? காரணம் கூறு.

முதல் நான்கு வினாக்களுக்கு விடை இக்கட்டுரையில் உண்டு. ஐந்தாவதற்குச் சரியான ஒற்றை விடை கிடையாது. மாணவர் தரும் காரணத்துக்கே மதிப்பெண். அந்த விடையை வாசிக்கும்போது, பாடம் அவர்களுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

பாழடைந்த வீடு ஒன்றைக் கண்டு ஒரு குரு கடிதம் எழுதினார். புதிய அமைப்பு ஒன்று துணிந்து வாங்கியது. பெயர் தெரியாத பலர் சிறு சிறு தொகை அனுப்பினார்கள். அறுநூறு ஆண்டுக்கு முந்தைய தச்சர்களின் உளித்தடம் அதனால்தான் இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. நம் மாணவர்களில் ஒருவர் நாளை ஊராட்சித் தலைவராகவோ பொறியாளராகவோ கொத்தனாராகவோ ஒரு பழைய கட்டடத்தின் முன் நிற்பார். இடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அண்ணாந்து கைமரத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றினால் போதும், நாம் செலவிட்ட இரண்டு பாடவேளைக்கு அதுவே பலன்.